இருபத்தொரு நாள் கணக்கு

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது என் பெரியம்மா மகளின் வீடு. அந்த வீட்டுச் சமையலறை மூலையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வரும் அதே ஐஸ் பெட்டிதான். கழுவிக் காயவைத்த பிறகும் மழைநாளில் லேசாக மீன்வாடை வரும். உள்ளே ஒரு 40 வாட் குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன், கிண்ணத்தில் தண்ணீர், கம்பிவலை மேல் முட்டைகள். வெளியே சிவப்பு எண்ணில் 37.5 என்று காட்டும் தெர்மோஸ்டாட். சூடு ஏறினால் பல்பு அணையும், இறங்கினால் எரியும். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிட்டது என்றாள் அக்கா.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் திருப்பிவிட வேண்டும். திருப்பாவிட்டால் கரு ஓட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் வைத்துப் பார்த்தால், சிலந்தி கால் நீட்டியது போல் ரத்த நாளங்கள் தெரியும். தெரியாதது கூமுட்டை. பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரத்தைக் கூட்ட இன்னொரு கிண்ணம் தண்ணீர் வைக்க வேண்டும். இருபத்தோராம் நாள் ஓடு விரியும்.

இதையெல்லாம் எனக்குக் காட்டிவிட்டு, மூடியைப் போட்டுக்கொண்டே அக்கா சொன்னாள்:

“கோழி வித்த காசு எம்மாம்னு அவரு ஒரு நாளும் கேட்டதில்ல பாப்பா. பொட்டி வந்தப்புறம் கணக்கு கேக்குறாரு.”

அன்று இரவு முழுக்க இந்தப் பேச்சு என் மனதைவிட்டுப் போகவில்லை. அதே கோழி, அதே முட்டை, அதே பெண். நடுவில் ஒரு பல்பு வந்ததும் வீட்டு ஆண் ஏன் கணக்கு கேட்க ஆரம்பிக்கிறான்? இதற்குப் பதில் தேட வேண்டுமானால், அடைகாத்தல் என்ற வேலையின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் கோழியிடமிருந்தே தொடங்குவோம். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் நிறுத்திக்கொள்ளும். குரல் மாறும். கூட்டை விட்டு எழாது. கை நீட்டினால் சிறகைச் சிலிர்த்துக் கொத்தும். எங்கள் பக்கத்தில் ‘அடை குந்திக்கிச்சி’ என்பார்கள். அப்போது அம்மா ஒரு பழைய கூடையில் மணலும் உமியும் பரப்பி முட்டைகளை அடுக்குவாள். ஓர் இரும்பு ஆணி, ஒரு துண்டு அடுப்புக்கரி, ஒரு காய்ந்த மிளகாய் ஆகியவற்றையும் கூடவே வைப்பாள். இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்கத்தான் அது என்று சொல்வாள். ஆணி இடியைத் தடுத்ததோ இல்லையோ, அந்தக் கூடையைக் கவனிக்க ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு அது அடையாளம்.

அடுத்த 21 நாட்கள் கோழி செய்வது சும்மா உட்கார்ந்திருப்பதல்ல. வயிற்றுப் பக்கத்து இறகு உதிர்ந்து, தோலின் சூடு முட்டையில் நேரடியாகப் படும்படி ஆகிறது. அலகாலும் காலாலும் ஒரு நாளில் பல முறை முட்டைகளைப் புரட்டுகிறது. இரை எடுக்க, நீர் குடிக்க நாளுக்கு ஒரு முறை எழுந்தால் அதிகம். எடை குறைகிறது. கடைசி நாட்களில் ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சு குரல் கொடுக்கும், தாய் தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். பொரித்த பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு அலைந்து, இரை காட்டி, பருந்தைக் கண்டால் சிறகுக்குள் சேர்த்துக்கொள்ளும். அவ்வளவு நாளும் முட்டை இடாது.

பண்ணைக் கணக்கில் இந்த நாட்கள் அனைத்தும் நட்டம். முட்டையை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கோழியின் அடையைத் தெளியவைத்தால், சில வாரங்களில் அது மறுபடி முட்டையிடும். தண்ணீரில் முக்கி எடுப்பது, மூக்கில் இறகைச் செருகுவது, கூடை கவிழ்த்து வெறுந்தரையில் அடைத்துவைப்பது என்று அடை தெளியவைக்கும் வழிகள் எல்லாம் என் சிறுவயதில் நான் பார்த்தவைதான். அடை என்பதைக் கோழிக்கு வந்த காய்ச்சலைப் போல நடத்தினார்கள்.

நட்டம் என்ற சொல் எனக்குப் பழக்கமானது. முதல் குழந்தை பிறந்தபோது ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு. திரும்பி வந்தபோது என் பெயர் பணிமூப்புப் பட்டியலின் கடைசிக்குப் போயிருந்தது. அந்த மாதங்களுக்கு நேரே ‘இடைவெளி’ என்று எழுதியிருந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு குறைவாகத் தூங்கிய, அவ்வளவு அதிகமாக வேலை செய்த காலம் வேறு இல்லை. மகப்பேறு நலச் சட்டம் வந்தது 1961-இல். விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர 2017 ஆயிற்று. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். ஒவ்வொரு வாரமும் கேட்டுப் பெற்றது. ஆனாலும் அதற்குப் பெயர் இன்னும் ‘விடுப்பு’தான்.

கோழியிடமிருந்து இந்த வேலையைப் பிரித்தெடுக்கும் முயற்சி மிகப் பழையது. எகிப்தில் முட்டைகளைச் சாணத்தில் புதைத்துப் பொரிக்கவைத்ததை, கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் குறிப்பிடுகிறார். சிரக்கூஸ் நகரத்துக் குடிகாரன் ஒருவன் பாய்க்கு அடியில் முட்டைகளை வைத்துவிட்டு, அவை பொரிக்கும்வரை விடாமல் குடித்துக்கொண்டிருந்தான் என்றும் எழுதுகிறார். உலக வரலாற்றில் அடைகாத்த முதல் ஆண் அவனாகத்தான் இருப்பான் என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். குடிப்பதைக்கூட அவன் நிறுத்தவேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

எகிப்தில் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வைக்கும் மண் சூளைகள் இருந்தன. வெப்பமானி இல்லாத காலத்தில், முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்த்தார்கள். அந்த அறிவு சில ஊர்களின் தொழில் இரகசியமாக இருந்தது.

ரோமில் இன்னொரு கதை. அகஸ்டஸின் மனைவி லிவியா, முதல் கணவர் வழியில் திபேரியஸைச் சுமந்திருந்த நேரம். பிறக்கப்போவது ஆணா என்று தெரிந்துகொள்ள ஒரு கோழி முட்டையைத் தன் மார்பில் வைத்துப் பொரிக்கவைத்தாள் என்று எழுதுகிறார் மூத்த பிளினி. கையிலிருந்து இறக்க வேண்டியிருந்தபோது, சூடு விட்டுப்போகாமல் ஒரு தாதியின் மார்புக்கு அதை மாற்றினாளாம். வந்தது சேவல் குஞ்சு. கி.மு. 42-இல் பிறந்தது ஆண் குழந்தை.

அரசியின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. முட்டையை வாங்கித் தன் மார்பில் வைத்துக்கொண்ட தாதியின் பெயர் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கோழி இனத்தில் குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிப்பது பெட்டைதான். முட்டை வெளியே வருமுன்பே அது முடிவாகிவிடுகிறது. லிவியா எவ்வளவு நாள் சூடு கொடுத்திருந்தாலும் அதை மாற்றியிருக்க முடியாது. மனித இனத்திலோ தீர்மானிப்பது தந்தையின் விந்தணு. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பழி சுமப்பது மட்டும் தாய்.

1749-இல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், செயற்கையாக முட்டை பொரிப்பதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். நொதிக்கும் குதிரைச் சாணத்தின் சூட்டை மரப் பீப்பாய்களுக்குள் பிடித்து வைக்கும் முறை அவருடையது. 1879-இல் கலிஃபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் லைமன் பைஸ் விற்பனைக்கு ஏற்ற கருவியைச் செய்தார். அதன் பிறகு வேகம் கூடியது. முட்டைக்காகவே வளர்க்கப்பட்ட ஒயிட் லெகார்ன் கோழிகளில், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, அடை உட்காரும் இயல்பையே ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டார்கள். கோழிக்குப் பதிலாக வந்த கருவி, பிறகு கருவி இல்லாமல் இனமே தொடர முடியாத கோழியை உண்டாக்கியது.

நம் நாட்டில் இந்த மாற்றம் பெரிய அளவில் வந்தது 1970-களில். 1971-இல் பி.வி. ராவ் வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது. நாமக்கல் முட்டை ஊராயிற்று. முட்டை மலிந்தது, சத்துணவுத் தட்டிலும் வந்தது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010-இல் வாரத்துக்கு ஐந்து ஆனது. ஏழைக் குழந்தையின் தட்டில் முட்டை விழுந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதே காலத்தில் கொல்லையில் இருந்த வேறொன்று கைமாறியது.

கொல்லைக் கோழி, பெண்ணின் சிறுவாட்டுக் காசு. அதற்குத் தனியாகத் தீவனச் செலவு இல்லை. சிந்திய நெல், தவிடு, சோற்றுப் பருக்கை, புழு பூச்சி. செலவு கணக்கில் வராததால் வரவும் கணக்கில் வரவில்லை. பிள்ளைக்கு நோட்டு, பஸ் காசு, யாருக்கும் சொல்லாமல் தாய்வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய நூறு ரூபாய் எல்லாம் அதிலிருந்து வந்தவை. பெண்ணின் உழைப்பைப் போலவே கோழியின் உழைப்பும் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. கண்ணில் படாததால் கூலி இல்லை. அதே காரணத்தால்தான் யாரும் பங்கு கேட்கவும் இல்லை. நம் பாட்டிகள் அந்த நிழலில்தான் சொந்தப் பணம் வைத்திருந்தார்கள்.

பண்ணையும் பொரிப்பகமும் வந்ததும் எல்லாம் கண்ணில் பட்டன. கடன், தீவன மூட்டை, மின்கட்டணம், முட்டை விலை. கணக்கு என்று வந்தால் பத்திரமும் வங்கிப் புத்தகமும் யார் பெயரில் இருக்கின்றனவோ அவர்கள் கைக்குப் போகும். பண்ணையில் முட்டை பொறுக்கவும் தட்டுகளில் அடுக்கவும் பெண்கள் கூலிக்குப் போனார்கள்.

இதே ஆண்டுகளின் இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான், அதுவரை அது சேலத்தின் பகுதி. முட்டைப் பண்ணைக்கு வேண்டியது பொட்டைக் குஞ்சு மட்டுமே. சேவல் குஞ்சு பிறந்த அன்றே கழித்துவிடப்படும். நம் சிறுவயதில் சிவப்பும் பச்சையும் சாயம் பூசித் தெருவில் கூடையோடு விற்றுக்கொண்டு வந்த ‘கலர் கோழிக்குஞ்சு’கள் பெரும்பாலும் அப்படிக் கழிக்கப்பட்ட சேவல்கள்தான். இரண்டு நாளில் ஏன் செத்துப்போயின என்று அழுதிருக்கிறோம். ஒரே மாவட்டத்தில், தொட்டிலில் வேண்டாதது பெண், பொரிப்பகத்தில் வேண்டாதது ஆண். இரண்டு இடத்திலும் உயிரின் விலையைத் தீர்மானித்தது அதனால் என்ன வரவு என்ற கேள்வி.

பிறகு அரசே கோழியைப் பெண்ணிடம் திருப்பிக் கொடுக்க முனைந்தது. 2018-இல் ஊரக ஏழைப் பெண்களுக்குத் தலா 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எங்கள் மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்தில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கோழி வளர்ப்புக்குப் பயிற்சி தரும் இடம். நல்ல முயற்சிகள்தான். ஆனால் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வருகிறது, பெண் வரிசையில் நின்று வாங்குகிறாள். கையில் அடைக்கோழியோ பெட்டியோ இல்லாவிட்டால், அடுத்த தலைமுறைக் குஞ்சுக்கும் அவள் வரிசையில்தான் நிற்க வேண்டும். அக்கா வீட்டு மீன்பெட்டியை நான் மதிப்பது இதனால்தான். எப்போது வைப்பது, எத்தனை வைப்பது, எதை வைப்பது என்ற முடிவை அது சமையலறைக்கே கொண்டு வந்துவிட்டது.

அப்படியானால் தாயைத் தாயாகவே விட்டுவிட வேண்டும், இயந்திரம் கூடாது என்கிறேனா? இல்லை. இந்த இயந்திரத்தின் கதை மனிதக் குழந்தை வரை நீள்கிறது. பாரிஸின் பூங்கா ஒன்றில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்த மகப்பேறு மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, அதைச் செய்தவரைக் கொண்டே குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு பெட்டி செய்யச் சொன்னார். 1880 வாக்கில் அது அங்கே மகப்பேறு மருத்துவமனைக்கு வந்தது. அந்தப் பெட்டியின் வழியில் எத்தனையோ தாய்களுக்குப் பிள்ளை பிழைத்தது. நூறாண்டு கழித்து 1978-இல், கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பெட்டிகள் போதாமல் போனபோது, எட்கர் ரேய் என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் மார்புத்தோலோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கங்காரு முறை என்று இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் சொல்கிறார்களே, அதுதான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, எடை குறைந்த குழந்தைக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு 25 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. லிவியாவின் தாதி செய்ததை இப்போது அறிவியல் என்கிறோம். அந்தச் சூடு தந்தையின் மார்பிலும் உண்டு. எத்தனை தந்தையர் சட்டையைக் கழற்றி உட்காருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

காப்பது பெண்ணின் பிறவிக்குணம் என்பவர்களை எங்கள் கடற்கரைக்கு அழைத்து வருவேன். தை, மாசி, பங்குனியில் கரையேறும் பங்குனி ஆமை மணலைத் தோண்டி நூறு முட்டை வரை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். திரும்பிப் பார்ப்பதில்லை. மணலே அடைகாக்கும். சூடு கூடினால் பெட்டை, குறைந்தால் ஆண். வனத்துறையினரும் தன்னார்வலர்களும் இரவில் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட இடத்தில் மறுபடி புதைக்கிறார்கள். இந்த முட்டைகளைச் சங்கக் கவிதையும் பார்த்திருக்கிறது. அகநானூற்றின் 160-ஆம் பாட்டில், தாய் ஆமை மணலில் மறைத்த முட்டையைக் குஞ்சு வரும்வரை காத்திருப்பது தந்தை ஆமை. பாடியவர் குமுழிஞாழலார் நப்பசலையார், பெண்பாற் புலவராகக் கருதப்படுபவர். கடலாமையில் தாயும் காப்பதில்லை, தந்தையும் காப்பதில்லை. அப்படியிருந்தும் காவல் வேலையை ஓர் ஆணுக்குக் கொடுத்த அந்தக் கற்பனையை நான் தவறு என்று சொல்லமாட்டேன், ஆசை என்பேன்.

அந்த ஆசைக்கு ஒரு சான்று அதே கரையில் கிடைத்தது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. அங்கே 1980-களில் ஆய்வாளர்கள் சதுப்புநில முதலைகளைக் கவனித்தபோது, பொரித்த குஞ்சுகளை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டுபோவதில் ஆண் முதலையும் பங்கெடுப்பதைப் பதிவு செய்தார்கள். அத்தனை பற்களுக்கு நடுவே ஒரு குஞ்சுக்கும் காயம் படாமல் சுமக்க ஒரு முதலையால் முடிகிறது.

2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. சாயங்காலமே மின்சாரம் போய்விட்டது. அக்காவின் பெட்டியில் அப்போது 34 முட்டைகள், பதினாறாம் நாள். சிவப்பு எண் அணைந்தது. மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்துத் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றினாள். அப்போதுதான் வெறுங்கூடையில் நான்கு நாளாக அடை உட்கார்ந்திருந்த சாம்பல் நிறக் கோழி நினைவுக்கு வந்தது. அடை தெளியட்டும் என்று காலையில்தான் அதைத் தண்ணீரில் முக்கி எடுத்திருந்தாள்.

“எம்மேல கோவமா இருக்கும்னு நெனச்சேன். முட்டையைத் தள்ளினதும் ஒண்ணொண்ணா வயித்துக்குக் கீழ இழுத்துக்கிச்சி” என்றாள்.

கோழிக்கு அடியில் 12 முட்டைகள்தான் அடங்கின. மீதியைப் பழைய புடவையில் சுற்றி, வெந்நீர் பாட்டில்களோடு பெட்டியிலேயே வைத்து, விடியும்வரை பாட்டில்களை மாற்றிக்கொண்டிருந்தாள். கூரை ஓடுகள் பறக்கும் சத்தத்துக்கு நடுவே மாமா ஒரு முறை எழுந்து வந்து பார்த்துவிட்டு, “முட்டைக்காகவா முழிச்சிங்கீற?” என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தாராம். அடுத்த வாரம் 23 குஞ்சுகள் வந்தன. பொங்கலுக்கு முன்பு, எத்தனைக்கு விற்கும் என்று மாமா கேட்டார்.

அக்கா இப்போது பெட்டியையும் வைத்திருக்கிறாள், இரண்டு அடைக்கோழிகளையும் விட்டுவைத்திருக்கிறாள். யாரையும் தண்ணீரில் முக்குவதில்லை. மாமா கணக்கு கேட்டதற்கு அவள் கண்டுபிடித்த பதில், கணக்கைத் தானே எழுதுவது. மளிகைக்கடையில் வாங்கிய நாற்பது பக்க நோட்டு. முட்டை வைத்த தேதி, திருப்பியதற்கு நாளுக்கு மூன்று கோடு, கரண்டு செலவு, பொரித்தது, செத்தது, விற்றது. பாட்டியின் காலத்து நிழல் இனித் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெளிச்சம் வந்துவிட்டது, இனி எழுதும் கை தன் கையாக இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறாள்.

போன மாதம் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். டிசம்பர் பக்கத்தில், அவளுடைய சாய்ந்த எழுத்தில், இப்படி இருந்தது: ‘9 ராத்திரி கரண்டு இல்ல. கோழி 12. நான் 22.’

எதிரே ‘கூலி’ என்று தலைப்பிட்ட ஒரு பத்தியும் போட்டிருக்கிறாள். அதில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.